தடையும் முறையீடும்: விக்கிப்பீடியாவை முன்வைத்து இணையச் சமூக நீதி குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுத்தரும் பயிலரங்கு அங்கே நடக்கிறது. மாணவர்கள் வரிசையாக அமர்ந்து கணக்குத் தொடங்குகிறார்கள். ஆறு பேருக்குக் கணக்குக் கிடைத்துவிடுகிறது. ஏழாவதாக முயலும் மாணவிக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது என்பது விக்கிப்பீடியாவின் வழக்கமான வரம்பு. கல்லூரி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரிகிறது. மாணவி மீது எந்தப் பிழையும் இல்லை. விவரம் அறிந்தவர் ஒருவர் இருந்தால், முன்கூட்டியே சொல்லி அந்த வரம்பைத் தளர்த்தி வாங்கியிருப்பார். அப்படி ஒருவர் இல்லாதபோது மாணவி கணினியை மூடிவிட்டு எழுந்து போகிறாள். யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. அவள் போனதும் யாருக்கும் தெரியாது.

பயிலரங்கு நடத்திப் பழகியவர்களுக்கு இது புதிய காட்சியன்று. பொது இடத்தைக் காக்கப் போடப்பட்ட வேலி, காக்கப்பட வேண்டியவரையே வெளியே நிறுத்திவிடுவதுண்டு. அப்படி நிறுத்தப்பட்டவர் எங்கே போய்க் கேட்பது, கேட்டால் யார் கேட்பார்கள், கேட்பவர் நடுநிலையோடு கேட்பாரா என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

1.1 கருதுகோள்

இணையச் சமூகத்தில் ஒருவரைத் தடுக்கும் முதல் முடிவு விரைந்து எடுக்கப்படுவது, ஆகவே தவறக்கூடியது. அந்த முடிவை மட்டும் வைத்து ஒரு சமூகம் நேர்மையானதா என்று அளக்க முடியாது. தடுக்கப்பட்டவர் 'இது தவறு' என்று சொன்ன பிறகு அச்சமூகம் என்ன செய்கிறது என்பதே சரியான அளவுகோல். காரணத்தை எழுத்தில் தருதல், தடுத்தவர் அல்லாத ஒருவர் மறுபடி பார்த்தல், திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்தல் ஆகிய மூன்றும் அந்த அளவுகோலின் கூறுகள்.

1.2 ஆய்வெல்லை

2001 சனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா இங்கே முதன்மைக் களம். விதிகள், வாதங்கள், தடைகளின் பதிவு என அனைத்தையும் ஏறக்குறைய முழுவதும் பொதுவில் வைத்திருக்கும் பெரிய இணையச் சமூகம் அது என்பதால், யார் யாரைத் தடுத்தார், ஏன் தடுத்தார் என்பதை எவரும் படித்துப் பார்க்கலாம். ஆங்கில, குரோவாசிய விக்கிப்பீடியாக்களின் வரலாற்றோடு, 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலையும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நிறுவனங்கள் நடத்தும் சமூக ஊடகங்கள் ஒப்பீட்டளவில் மட்டும் இடம்பெறுகின்றன.

2. கருத்தியல் அடிப்படை

2.1 இயற்கை நீதியின் இரண்டு கால்கள்

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது. சட்டத்துறை இவ்விரண்டையும் இயற்கை நீதி என்று அழைக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இவற்றைத் தெளிவாக நிலைநிறுத்தின.

முதலாவது 1969இல் வந்த கிரைபக் வழக்கு. இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவில் இருந்த அதிகாரி ஒருவர், அதே பதவிக்குத் தாமும் ஒரு போட்டியாளராக இருந்தார். தம் பெயர் வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் தம் போட்டியாளர்களை மதிப்பிடும்போது உடனிருந்தார். அந்தத் தேர்வு செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. நிர்வாக முடிவு, நீதிமன்ற முடிவு என்று பிரித்து, முன்னதற்கு இயற்கை நீதி பொருந்தாது என ஒதுக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது 1978இன் மேனகா காந்தி வழக்கு. 'பொது நலன் கருதி' என்ற சொற்களோடு அவருடைய கடவுச்சீட்டு முடக்கப்பட்டது. காரணம் கேட்டபோது தர மறுக்கப்பட்டது. ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. அவசரத்தால் முன்கூட்டிக் கேட்க முடியாத இடத்தில், முடிவுக்குப் பின்னராவது உடனே கேட்க வேண்டும் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. இணையச் சமூகத்துக்கு மிகவும் பொருந்துவது இந்தக் கருத்துதான். பக்கம் பக்கமாக அழித்துக்கொண்டிருப்பவரை நிறுத்தி வைத்து விசாரிக்க நேரம் இருக்காது. முதலில் தடுக்கலாம், தடுத்த கையோடு கேட்டாக வேண்டும்.

2.2 பொதுச் சொத்தும் படிப்படியான தண்டனையும்

மேய்ச்சல் நிலம், பாசன நீர், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாமே எப்படிக் காத்து வந்தார்கள் என்று ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990இல் வெளியான நூலில், நீடித்து நின்ற அமைப்புகளிடம் காணப்படும் எட்டுப் பண்புகளை அவர் தொகுத்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த எட்டில் மூன்று நம் ஆய்வுக்கு நேரடியாக உதவுகின்றன. காவல் காப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தண்டனை சிறியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். சச்சரவைத் தீர்க்கும் இடம் பக்கத்திலும் செலவில்லாமலும் இருக்க வேண்டும்.

படிப்படியான தண்டனைக்கு அவர் காட்டும் காரணம் கவனிக்கத்தக்கது. முதன்முறை தவறுபவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு தவறுவதில்லை. முடை, அறியாமை, அவசரம் ஆகியவையே காரணம். அவரிடம் கடுமை காட்டினால் அமைப்பின் மீதிருந்த நம்பிக்கையையே அவர் இழந்துவிடுவார். விக்கிப்பீடியாவில் புதியவர்களிடம் நல்லெண்ணம் கொள்ள வேண்டும் என்ற வழிகாட்டலும் இதே கருத்தோடு ஒத்துப்போகிறது.

2.3 லாம்டாமூவின் பாடம்

1990இல் பேவல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ, எழுத்தாலேயே ஆன ஒரு மெய்நிகர் ஊர். 1993இல் அங்கே ஒரு பயனர், மற்றவர்களின் பாத்திரங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளானவையாகச் சித்தரித்து எழுதினார். ஊரார் கூடி நெடுநேரம் வாதித்தும் முடிவு எட்டப்படவில்லை. முடிவெடுக்கும் முறை என்று ஒன்று அப்போது அங்கே இல்லை. கடைசியில், தொழில்நுட்ப அதிகாரம் பெற்றிருந்த ஒருவர் தனியாக முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். சூலியன் டிப்பெல் எழுதிய கட்டுரையால் இந்நிகழ்வு உலகறிந்தது. பின்னர் கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

நீக்கம் தவறு என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. இருந்தாலும் ஊர் அமைதியடையவில்லை. முடிவு சரியாக இருந்தும் முடிவெடுத்த முறை சரியாக இல்லாவிட்டால் மனக்குறை தங்கிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று. நீக்கப்பட்ட அந்த ஆளே வேறு பெயரில் திரும்பி வந்ததும் வரலாறு. கைப்பாவைக் கணக்கு என்று இன்று நாம் சொல்லும் சிக்கல் அன்றே தலைகாட்டிவிட்டது.

3. தடை விழும் விதம்

3.1 நிர்வாகியின் அதிகாரமும் வரம்பும்

விக்கிப்பீடியாவில் நிர்வாகி என்பவர் சம்பளம் பெறாத தன்னார்வலர். சமூகத்தின் ஒப்புதலோடு சில கருவிகள் அவர் கையில் தரப்படுகின்றன. பக்கத்தைப் பூட்டலாம், நீக்கலாம், பயனரைத் தடுக்கலாம். அதிகாரத்துக்கு ஈடாக மூன்று வரம்புகளை ஆங்கில விக்கிப்பீடியா விதித்திருக்கிறது. தடை என்பது மேற்கொண்டு கேடு நேராமல் காக்கவே தவிர, நேர்ந்ததற்குப் பழிதீர்க்க அன்று. தாம் ஒரு தரப்பாக இருக்கும் சச்சரவில் நிர்வாகி தம் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது. தடைக்கான காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

விதியைத் திட்டவட்டமாக எழுதி வைப்பதும் நடுநிலைக்கு உதவுகிறது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைக்கக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். யார் சொல்வது சரி என்ற வாதத்துக்குள் அது போவதே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. 'நாகரிகமின்றி நடந்தார்' என்ற குற்றச்சாட்டு அப்படிப்பட்டதன்று. அது கேட்பவரின் காதைப் பொறுத்தது.

3.2 மொழியறிவும் தீர்ப்பும்

தமிழில் இந்தக் காது வேறுபாடு கூர்மையானது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மற்றொருவரை 'நீர்' என்று அழைத்தால் அது 'நீ'யைவிட மரியாதையானது, 'நீங்கள்' என்பதைவிட நெருக்கமானது. ஒத்த வயதினரிடமும் இளையவரிடமும் இயல்பாகப் புழங்குவது. தமிழ்நாட்டில் அச்சொல் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்து, நாடக வசனத்திலும் குத்தலான பேச்சிலும் தங்கிவிட்டது. 'நீர் தந்த சான்று போதாது' என்று இலங்கைப் பயனர் ஒருவர் உரையாடல் பக்கத்தில் எழுதினால், சென்னையில் இருக்கும் நிர்வாகிக்கு அது ஏளனமாகப் படலாம். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும் சங்கடம், கேட்காமல் தடுத்தால் ஓர் எழுத்தாளரை இழப்பதில் முடியும்.

வடிகட்டிகளின் நிலை இன்னும் சிக்கலானது. 'மயிர்' என்ற சொல் தமிழ்நாட்டுத் தெருப்பேச்சில் வசை. பழந்தமிழிலும் இலங்கை வழக்கிலும் உயிரியல் பாடத்திலும் அது வெறும் உடற்கூற்றுச் சொல். அந்த எழுத்துத் தொடரைக் கண்டால் தடு என்று ஒரு வடிகட்டிக்குக் கட்டளையிட்டால், மயிரிழை, மயிர்க்கால், யாழ்ப்பாணத்தார் கம்பளிப்புழுவைக் குறிக்கும் மயிர்க்கொட்டி என எல்லாமே அதில் மாட்டிக்கொள்ளும். பூச்சியைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தவர் வசை எழுதியவராக நிறுத்தப்படுவார். வேரோடு ஒட்டுச் சேர்ந்து நீளும் மொழிக்கு, சொல் எல்லையைப் பாராத வடிகட்டி பொருந்தாது. ஆகவே இயந்திரம் தடுத்த ஒவ்வொன்றுக்கும் மனிதர் ஒருவரிடம் முறையிடும் வழி தேவை. ஆங்கில விக்கிப்பீடியாவில் விசமத் தொகுப்புகளைத் தானாக நீக்கும் குளூபாட் என்.ஜி. என்ற தானியங்கிக்கு, அது தவறாக நீக்கியவற்றைத் தெரிவிக்கத் தனி இடமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

3.3 ஒருவர் பிழை, பலர் தண்டனை

கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு சில ஐ.பி. முகவரிகளுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. தொல்லை தரும் ஒருவரைத் தடுக்க ஒரு முகவரித் தொகுதியையே தடுத்தால், அதே முகவரிகளைப் பகிரும் மற்றவர்களும் தடுக்கப்படுவார்கள். வீட்டுக்கு வீடு தனி இணைப்பு உள்ள நாடுகளில் இதன் வலி குறைவு. கைபேசியிலேயே எழுதும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதிகம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் சுமை ஒன்றன்று. எழுத்தளவில் பாகுபாடற்ற விதி நடைமுறையில் ஏழை நாட்டுப் பயனர் மீது கூடுதலாக விழுகிறதா என்று பார்ப்பதும் நடுநிலையின் பகுதிதான்.

4. முறையீட்டின் படிகள்

4.1 அறிவிப்பிலிருந்து குழு வரை

தடுக்கப்பட்டவர் 'தொகு' பொத்தானை அழுத்தியதும் ஓர் அறிவிப்பு விரிகிறது. தடுத்தவர் பெயர், காரணம், தடை தொடங்கிய நேரம், முடியும் நேரம் ஆகியவை அதில் இருக்கும். பொதுவாக, தடுக்கப்பட்டவரும் தம் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம். ஊரைவிட்டு விலக்கினாலும் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பேச விட்டிருக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அங்கே அவர் ஒரு வார்ப்புருவை இட்டு முறையிட்டால், தடுத்தவர் அல்லாத வேறொரு நிர்வாகி வந்து பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அந்தத் திண்ணையும் பூட்டப்பட்டிருந்தால், தனியே உள்ள முறையீட்டு அமைப்பின் வழியாக எழுதலாம். சமூகமே கூடி விதித்த தடையாக இருந்தால் நிர்வாகிகள் அறிவிப்புப் பலகையில் மறுபடி வாதம் நடக்கும்.

இவற்றின் உச்சியில் நடுவர் குழு இருக்கிறது. 2003 இறுதியில் விக்கிப்பீடியாவின் நிறுவனர்களுள் ஒருவரான சிம்மி வேல்சு அறிவித்து, 2004இல் இயங்கத் தொடங்கிய குழு அது. அதுவரை கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருந்தது. உறுப்பினர்களைச் சமூகம் ஆண்டுதோறும் நடக்கும் தேர்தலில் தெரிவு செய்கிறது. கட்டுரையின் உள்ளடக்கம் எது சரி என்பதில் குழு தலையிடாது. நடத்தை குறித்த வழக்குகளை மட்டும் கேட்கும். நிறுவனர் ஒருவர் தம் அதிகாரத்தைத் தாமே பிரித்துக் கொடுத்த அந்தச் செயல், இணையச் சமூக வரலாற்றில் போற்றத்தக்கது.

4.2 திரும்பி வரும் வழி

எழுதப்பட்ட சட்டமாக இல்லாவிட்டாலும், நெடுங்காலத் தடை பெற்றவர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வழக்காறு உண்டு. ஆறு மாதம் வேறு கணக்குத் தொடங்காமல் விலகியிருக்க வேண்டும்; தடைக்குக் காரணமான நடத்தையை மீண்டும் செய்வதில்லை என்று உறுதி தர வேண்டும்; திரும்பி வருவதற்கு எதிராக அழுத்தமான காரணம் எதையும் உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. இவை நிறைவேறினால் அவரை மறுபடி சேர்ப்பது பற்றிச் சமூகம் எண்ணிப் பார்க்கும். காலவரையற்ற தடை என்பதற்கு என்றென்றைக்கும் என்று பொருளில்லை என்பதை நிலைநாட்டும் நல்ல ஏற்பாடு இது.

4.3 ஒப்புதலின் முரண்

இங்கே ஒரு நுட்பமான குறை ஒளிந்திருக்கிறது. முறையிடுபவர் தம் தவறை உணர்ந்ததாகக் காட்டினால் தடை எளிதில் நீங்குகிறது. 'நான் அதைச் செய்யவே இல்லை' என்பவர் நெடுநாள் காத்திருக்க நேர்கிறது. தவறு செய்தவருக்கு வாசல் திறந்திருக்கிறது. செய்யாதவருக்கு வாசல் இடுக்கமாக இருக்கிறது. கைப்பாவைக் கணக்கு என்ற குற்றச்சாட்டில் இது இன்னும் கடுமை. ஒரே அலுவலகத்தில், ஒரே விடுதியில், ஒரே வீட்டில் இருந்து எழுதும் இருவரை ஒருவர் என்று சந்தேகிக்க இடமுண்டு. சான்றாக அமையும் ஐ.பி. விவரங்களைத் தனியுரிமை கருதி வெளியிட முடியாது. வெளியிடாமல் இருப்பதும் சரியே. ஆனால் எந்தச் சான்றின் பேரில் தடுக்கப்பட்டோம் என்று அறியாதவர் எதை மறுப்பார்?

கேட்காமல் தீர்த்ததன் விளைவைக் காட்டும் கோவலன் கதை தமிழர் அனைவரும் அறிந்தது. திருடிய பொற்கொல்லனே குற்றம் சாட்டினான். அரசன் கோவலனைக் கேட்கவில்லை. தண்டனையோ திருப்பி வாங்க முடியாதது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டியபோது அரசன் உண்மையை ஒப்புக்கொண்டான். அவன் நேர்மையானவன்தான். ஆனால் கேட்கும் முறை முன்பே இருந்திருந்தால் அந்த நேர்மை கோவலன் உயிரோடிருக்கும்போதே பயன்பட்டிருக்கும். சிலம்பை உடைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் விதி. மறைக்க வேண்டிய சான்றைப் பொதுவில் வைக்க முடியாதபோது, முதல் முடிவில் பங்கில்லாத இன்னொரு தகுதியாளராவது அதை முழுவதும் பார்த்து, 'பார்த்தேன், போதுமானது' என்றோ 'போதாது' என்றோ கையெழுத்திட வேண்டும்.

5. இரண்டு சோதனைகள்

5.1 குரோவாசிய விக்கிப்பீடியா: நடுவரே தரப்பானபோது

2013இல் குரோவாசிய ஊடகங்கள் ஒரு செய்தியைப் பெரிதாக எழுப்பின. அந்நாட்டு மொழி விக்கிப்பீடியாவைத் தீவிர வலதுசாரி நோக்குடைய சில நிர்வாகிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள், இரண்டாம் உலகப்போர்க் கால உசுதாசா ஆட்சியின் கொடுமைகளும் யாசனோவாக் வதைமுகாமின் வரலாறும் குறைத்துக் காட்டப்படுகின்றன என்பதே அச்செய்தி. அன்றைய கல்வி அமைச்சர் செல்கோ யோவனோவிச், மாணவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறினார்.

எதிர்த்துப் பேசிய பயனர்கள் தடுக்கப்பட்டார்கள். முறையிட்டால், முறையீட்டைக் கேட்பவர்களும் அதே குழுவினர். விதிகள், தேர்தல்கள், நிர்வாகிகள் என வெளித்தோற்றத்தில் எல்லாம் முறையாக இருந்தன. தேர்தலிலும் கைப்பாவைக் கணக்குகள் வாக்களித்தது பின்னர் தெரிய வந்தது. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன்னாட்சி உடையது என்ற கொள்கையால் வெளியிலிருந்து எவரும் உள்ளே வரத் தயங்கினார்கள். நிலைமை மாற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, நிர்வாகிகள் சிலர் திட்டமிட்டே வரலாற்றைத் திரித்ததை உறுதி செய்தது.

கிரைபக் வழக்கின் பாடம் இங்கே அப்படியே திரும்புகிறது. முறையீட்டு வழி என்று ஒன்று எழுத்தில் இருப்பது போதாது. முறையீடு வேறு கைக்குப் போக வேண்டும். அண்மையில் இருக்கும் நடுவர் தரப்பாகிவிட்டால், தொலைவில் இருக்கும் ஒருவரை அணுகும் வழியும் வேண்டும்.

5.2 ஆங்கில விக்கிப்பீடியா, 2019: தொலைவிலிருந்து விழுந்த தடை

தொலைவில் இருக்கும் நடுவரும் தவறலாம். 2019 சூன் 10 அன்று அறக்கட்டளை, ஆங்கில விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகி ஒருவரை ஓராண்டுக்குத் தடுத்தது. புகார் கொடுத்தவர் யார், சான்று என்ன என்பது அவருக்கோ சமூகத்துக்கோ சொல்லப்படவில்லை. முறையீட்டுக்கும் வழியில்லை. அவர் நடத்தை குறித்துச் சமூகத்தில் ஏற்கெனவே இரண்டு கருத்து இருந்தது. ஆனால் அவரைப் பிடிக்காதவர்கள்கூட முறை தவறு என்று எழுந்து நின்றார்கள். எதிர்ப்பைக் காட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தனர்.

இறுதியில் கோப்பு நடுவர் குழுவிடம் போனது. செப்டம்பரில் குழு, அந்தத் தடைக்குப் போதிய தேவையில்லை என்று அதை நீக்கியது. நிர்வாகி உரிமையை மட்டும் திருப்பித் தராமல், வேண்டுமானால் சமூகத்திடம் மீண்டும் கேட்டுப் பெறலாம் என்றது. முழு விடுதலையும் இல்லை, முழுத் தண்டனையும் இல்லை. சான்றைப் பார்த்த வேறு கண்கள் வேறு அளவில் எடை போட்டன. இதன் தொடர்ச்சியாக, அறக்கட்டளையின் தடைகளை மறு ஆய்வு செய்யும் குழு ஒன்று 2020இல் உருவானது.

புகார் கொடுத்தவரைக் காக்க மறைவு தேவைப்பட்டது என்ற அறக்கட்டளையின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. துன்புறுத்தப்பட்டவர் பெயரை வெளியிட்டால் துன்புறுத்தல் பெருகும். பெயரை மறைப்பது வேறு, குற்றச்சாட்டையே மறைப்பது வேறு. முன்னது பாதுகாப்பு, பின்னது மேனகா காந்தி வழக்கில் மறுக்கப்பட்ட அதே மௌனம்.

5.3 பொது நடத்தை விதி

இவ்விரு அனுபவங்களும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. முதலாவது, உள்ளூர்த் தன்னாட்சி மட்டும் போதாது என்றது. இரண்டாவது, மேலிருந்து வரும் அதிகாரத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும் என்றது. 2021இல் அறக்கட்டளை அறிவித்த பொது நடத்தை விதித்தொகுப்பும், அதை மேற்பார்க்க 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகளாவிய ஒருங்கிணைப்புக் குழுவும் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள். உள்ளூர் அமைப்புகள் செயலிழக்கும் இடத்தில் தலையிடுவது அக்குழுவின் பணிகளுள் ஒன்று.

6. ஒப்பீடு: நிறுவனமும் சட்டமும்

பேசுபுக்கு நிறுவனம் அமைத்த மேற்பார்வை வாரியம் 2020 அக்டோபரில் வழக்குகளை ஏற்கத் தொடங்கியது. 2021 மே 5 அன்று, அப்போது அமெரிக்க முன்னாள் அதிபராக இருந்த தொனால்டு திரம்பின் கணக்கு முடக்கத்தை அது சரி என்றது. ஆனால் கால வரம்பே சொல்லாத முடக்கம் முறையன்று, ஆறு மாதத்துக்குள் மறு ஆய்வு செய்க என்றது. தண்டனை சரியா என்பதும், தண்டனையின் அளவு தெளிவாக இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இது காட்டியது. பின்னர் நிறுவனம் இரண்டு ஆண்டு என்று வரையறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. தளங்கள் காரணம் தர வேண்டும், முறையீட்டுக்கு ஆறு மாதமாவது இடம் தர வேண்டும், முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்க்கக்கூடாது என்று அது சொல்கிறது. இந்தியாவில் 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 2022இல் திருத்தப்பட்டு, 2023இல் மூன்று குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தளத்தின் குறைதீர் அலுவலர் தந்த முடிவில் நிறைவில்லாதவர் 30 நாட்களுக்குள் அங்கே முறையிடலாம். தமிழ் வாசகர் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. குழுக்களை அமைப்பது மைய அரசு என்பதால், அரசைக் குறைகூறும் பதிவுகள் குறித்த முறையீட்டில் நடுநிலை எப்படி உறுதியாகும் என்ற வினாவும் இருக்கிறது.

7. சிறு சமூகங்களுக்கான முறைமை

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுக் கலந்துரையாடல் நடக்கும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அழகிய பெயர்; பொருத்தமான பெயரும்கூட. ஆனால் மரத்தடியில் கூடுவோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆண்டுக் கணக்கில் சேர்ந்து எழுதியவர்கள், சந்திப்புகளில் ஒன்றாக உண்டவர்கள். தடுத்த நிர்வாகி எல்லோருக்கும் நண்பர். தடுக்கப்பட்டவர் நேற்று வந்தவர். யாரும் கெட்டவரில்லை. ஆயினும் தராசு ஒரு பக்கம் சாயும். தனி நடுவர் குழு அமைக்கும் அளவுக்கு ஆள்பலமும் இல்லை. இத்தகைய சமூகத்துக்கு ஏற்ற நான்கு முறைகளை இவ்வாய்வு முன்வைக்கிறது.

முதலாவது, தடை அறிவிப்பு. அது கீழ்க்காணுமாறு எளிய தமிழில் அமையலாம்: 'உங்கள் கணக்கு மூன்று நாள் தடுக்கப்பட்டுள்ளது. இன்ன பக்கத்தில் நீங்கள் செய்த இன்ன மாற்றம் காரணம். இது தவறு என்று கருதினால் உங்கள் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்; தடுத்தவர் அல்லாத ஒருவர் தடை முடிவதற்குள் பதில் தருவார். அதுவும் நிறைவில்லை என்றால் அடுத்து எங்கே கேட்கலாம் என்பது இங்கே உள்ளது.' நான்கே வாக்கியம். பாதி முறையீடுகளின் கசப்பு இதிலேயே அடங்கிவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இரண்டாவது, வேறு கண். ஊரில் எல்லோரும் உறவு என்றால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அழைப்பது நம் பழைய வழக்கம். மலையாள, தெலுங்கு, கன்னட விக்கிப்பீடியாக்களின் மூத்த பயனர்களைக் கொண்டு, ஒருவர் மற்றவர் முறையீட்டைப் பார்க்கும் உடன்பாடு செய்துகொள்ளலாம். மொழி தெரியாத இடத்தில், தரப்பற்ற ஒருவர் உரையாடலை மொழிபெயர்த்துத் தரலாம்.

மூன்றாவது, பதிவைத் திருத்துதல். தடைப் பதிகை அழியாதது. தவறாக விழுந்த தடையும் அதில் நிற்கும். பிற்காலத்தில் பார்ப்பவர் 'முன்பே தடை பெற்றவர்' என்று எண்ணிவிடுவார். ஆகவே தவறான தடையை நீக்கும்போது, 'தடை தவறாக விதிக்கப்பட்டது' என்று அதே பதிகையில் எழுதி நீக்க வேண்டும். வெறுமனே நீக்கினால் அது மன்னிப்புப் போலத் தோன்றும். தவறாதவருக்கு மன்னிப்புத் தேவையில்லை. அவர் பெயரைத் துலக்கித் தருவதே தேவை.

நான்காவது, நிர்வாகிக்கும் நீதி. இரவு பதினொரு மணிக்கு, பகல் வேலை முடித்துக் களைத்து வந்து, எவரோ கொட்டிய வசைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பவர் அவர். நூறு தடையில் ஒன்று தவறினால் அந்த ஒன்றே பேசப்படும். முறையீட்டை அவருக்கு எதிரான வழக்காகக் கருதக்கூடாது. தடையை மாற்றியமைப்பவர் அதை நிர்வாகியின் மீதான குற்றச்சாட்டாக எழுதாமல், முடிவின் திருத்தமாக எழுத வேண்டும். அப்படி எழுதும் பழக்கம் வந்தால், 'நான் அவசரப்பட்டுவிட்டேன்' என்று சொல்வது நிர்வாகிக்கும் எளிதாகும்.

8. முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

அ. தடுப்பதில் விரைவும் கேட்பதில் நிதானமும் ஒன்றுக்கொன்று முரணல்ல. பின்னது உறுதியாக இருந்தால்தான் முன்னதை ஒருவர் கையில் நம்பிக் கொடுக்க முடியும்.

ஆ. முறையீட்டைக் கேட்பவர் தடுத்தவராகவோ அவர் தரப்பினராகவோ இருக்கக்கூடாது. குரோவாசிய நிகழ்வு இதற்குச் சான்று.

இ. புகார் தந்தவரின் பெயரை மறைக்கலாம், குற்றச்சாட்டை மறைக்கக்கூடாது. 2019இன் நிகழ்வு இதற்குச் சான்று.

ஈ. தவறை ஒப்புக்கொள்பவருக்கு ஒரு வழியும், தவறே செய்யவில்லை என்பவருக்கு வேறொரு வழியும் தனித்தனியே வேண்டும்.

உ. மொழி வழக்கு, இணைய வசதி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கருதாத விதி, எழுத்தில் சமமாக இருந்தாலும் நடப்பில் சமமாகாது.

முறையிட்டவர்களைப் பற்றிப் பேச நமக்குப் பதிகைகள் இருக்கின்றன. வாதங்களைப் படிக்கலாம், தீர்ப்பை எடைபோடலாம். முறையிடாமல் போனவர்களைப் பற்றி எந்தப் பதிகையும் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஏழாவதாக அமர்ந்திருந்த மாணவி தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுத வந்திருக்கலாம், தன் பாட்டி சொன்ன ஒரு மூலிகையைப் பற்றி எழுத வந்திருக்கலாம். எழுதப்படாத அந்தக் கட்டுரையை எந்தப் புள்ளிவிவரத்திலும் காண முடியாது. கணினியை மூடுவதற்கு முன் அவள் கண்ணில் படும்படி 'இங்கே கேளுங்கள்' என்ற இரண்டு சொற்களை அவள் மொழியில் எழுதி வைப்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.